அவள் குரல் கொடுத்தாள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், நலமில்லாதவர்களும் கேட்டால் நலம் என்றுதான் சொல்கிறார்கள், நீயும் அங்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பாய் என்று தெரியும், இருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள். தபால் ஆபீஸ் பார்சல் கவுன்டரில் முப்பத்து நாலு வருடம் உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தியவள் பெற்ற பிள்ளைக்கு ஒரு கடிதம் போடாவிட்டால் அந்த முத்திரைக்கே அவமானம், அதனால் எழுதுகிறேன். உன் அப்பா ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஆபீஸை விட்டுவிட்டு வீட்டை நிர்வாகம் செய்கிறார். சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது நான் ‘க’வுக்குப் பின்னால் ‘ச’ வருமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன், இந்த வயதில் எனக்கு மறுபடியும் ஒன்றாம் வகுப்பு. நீ அனுப்பிய கைக்கடிகாரம் நன்றாக வேலை செய்கிறது, நேற்று நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கியதை நானூறு அடி நடந்ததாகச் சொல்லிப் பாராட்டியது. இந்த வீட்டில் என்னைப் பாராட்டுகிற ஒரே ஜீவன் அதுதான், அதைப் போய்ப் பொய் சொல்கிறது என்று நான் ஏன் சொல்ல வேண்டும்.

பிரேக் அத்தை போய்விட்டாள் என்று போனில் சொன்னேன் இல்லையா, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். உனக்கு அவளை டிரைவிங் ஸ்கூல் நடத்தியவளாகத்தான் தெரியும். பதினெட்டு வயதில் உன்னை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்துவிட்டு, தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கை அவள் நிமிடத்துக்கு ஒரு தரம் மிதிக்க, நீ வீட்டுக்கு வந்து அம்மா அந்த பிரேக் அத்தை என்னை ஓட்டவே விடமாட்டேங்கறாங்க என்று அழுவாய், பெயர் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் அவளுக்கு அதற்கு முன்பே ஒரு பெயர் இருந்தது, அது உனக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் பள்ளிக்கூடக் கால்பந்து அணியில் ஒன்றாக ஆடினவர்கள். சிரிக்காதே, உன் அம்மாவும் ஒரு காலத்தில் குனிந்து நிமிர்ந்தவள்தான். அணியில் சரியாகப் பதினோரு பேர், பன்னிரண்டாவது ஆள் கிடையாது, ஒருத்திக்கு ஜுரம் என்றால் ஜுரத்தோடு ஆடுவாள். அவள் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நின்று வருகிற பந்தை வெட்டி அனுப்புகிறவள். நான் கோல்கீப்பர், அதாவது அவள் வெட்டி அனுப்பிவிடுவதால் பின்னால் வேலையில்லாமல் நின்றவள். அவளுக்கு எங்கள் கூட்டம் வைத்த பெயர் சேம்சைடு. பத்தாம் வகுப்பில் பள்ளிகளுக்கிடையே நடந்த கடைசி ஆட்டத்தில், ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, அவள் தன் காலாலேயே பந்தை எங்கள் கோலுக்குள் தள்ளிவிட்டாள், நாங்கள் தோற்றோம். அன்றைக்கு ஒட்டிய பெயர், நாற்பத்து நாலு வருடம் உரியவில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோதும் சேம்சைடு வந்துட்டா என்றுதான் வரவேற்றோம், அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு மாவட்ட அணிக்கு எங்கள் பள்ளியிலிருந்து என்னை எடுத்தார்கள், அவளை எடுக்கவில்லை, ஆள் பொறுக்கியவர் எங்கள் பி.டி. மாஸ்டர்தான். மாவட்ட அணியில் ஆடியதற்குச் சான்றிதழ் கொடுப்பார்கள், அது கையில் இருந்தால் அரசாங்க வேலைக்கு முன்னுரிமை என்று அப்போது ஒரு விதி. அந்த ஒற்றைக் காகிதம்தான் என்னைத் தபால் ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்தது, நீ உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கும் அதுதான் அடிக்கால். அவள் ஒரு டிரைவிங் ஸ்கூலில் போன் எடுக்கிற வேலைக்குப் போனாள். மத்தியானம் சும்மா நின்ற வண்டியில் தானே ஏறிப் பழகினாள், லைசென்ஸ் வாங்கினாள், சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள், கடைசியில் அந்த ஸ்கூலே அவளுடையதாயிற்று. நாற்பது வயதில் நானும் வண்டி ஓட்டப் பழகுகிறேன் என்று அவளிடமே போய் நின்றேன், என் புத்தியை என்னவென்று சொல்ல. நாற்பது நாள் பாடத்திலும் அவள் சொன்னது ஒன்றுதான், முன்னாடி பார்த்தது போதும்டி, பின்னாடி என்ன வருதுன்னு கண்ணாடியில பாரு, உனக்குத்தான் பின்னாடி வர்றது எதுவும் தெரியாதே. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நாற்பத்தோராவது நாள் நான் போகவில்லை. எனக்கு வண்டி ஓட்ட வராது என்று உன் அப்பா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறார், சொல்லட்டும்.

அவளுக்கு வயிற்றில் கட்டி. கண்டுபிடித்தபோதே முற்றிவிட்டது, கண்டுபிடித்ததை மகளைத் தவிர யாரிடமும் சொல்லாமல் முதுகுக்கு ஒரு தலையணையை வைத்துக்கொண்டு கடைசி மூன்று வாரம் வரைக்கும் பாடம் நடத்தியிருக்கிறாள். நான் ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய் உறித்து நானே தின்றுவிட்டு வந்தேன். இரண்டாம் முறை அவள் குரல் ரொம்பவும் இறங்கிப்போயிருந்தது. ஏதோ சொல்ல வந்த மாதிரி இருக்கே, என்னடி, என்று அவளாகவே கேட்டாள். நான் மேலே பார்த்து, ஒண்ணுமில்ல, இந்த ஃபேன் என்னமா சத்தம் போடுது, நர்ஸ்கிட்ட சொல்லட்டுமா என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு, அது ரொம்ப வருஷமா போடுது, விடு, என்று கண்ணை மூடிக்கொண்டாள். நாலாம் நாள் போய்விட்டாள். இதில் உன் அம்மாவின் சாமர்த்தியத்தைக் கவனி, சாகக் கிடந்தவள் வாய் திறந்து கேட்டும் மின்விசிறியைப் பற்றிப் பேசிவிட்டு வந்தவள்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூட ஹாலில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பழைய அணியில் இன்னும் நடமாடுகிற ஏழு பேர் வந்திருந்தோம். முதல் வரிசையில் அவள் மகள், இப்போது ஸ்கூலை அவள்தான் நடத்துகிறாள், அம்மா மாதிரியே நெட்டை. அவளுக்குப் பக்கத்தில் எங்கள் பி.டி. மாஸ்டர், எண்பத்து மூன்று வயது, காதுக்குள் கத்தினால்தான் கேட்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். மைக் இரண்டு முறை வீறிட்டது. தலைமை ஆசிரியை பேசினார், மறைந்தவரை ஒரு முறைகூடப் பார்த்திராதவர் என்பதால் தங்குதடையில்லாமல் பேசினார். அடுத்து எங்கள் கேப்டன், பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், அவள் எடுத்த எடுப்பிலேயே சேம்சைடு கதையை ஆரம்பித்தாள். பார்க்காமல் பின்னால் அடித்தாள், பந்து நேராகக் கோலுக்குள் போனது, பாவம் நம்ம கோல்கீப்பர் என்ன செய்வாள், ஆனால் எங்க சேம்சைடு அதுக்காக ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்ல, தங்கமானவ, என்றாள். ஹாலே சிரித்தது. இரங்கல் கூட்டத்தில் சிரிப்பு வந்தால் நல்ல கூட்டம் என்று அர்த்தமாம். மகளும் சிரித்தாள், சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதானே, ஆனால் சிரித்து முடித்ததும் குனிந்து தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டாள். அம்மாவைப் பற்றி ஊருக்குத் தெரிந்த ஒரே கதை அவள் செய்த தப்பு. அதற்கு அவள் சிரித்தும் காட்ட வேண்டும்.

அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். கைப்பையில் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், பண்பு, பாசம், பொறுமை என்று வரிக்கு ஒன்றாக அழகாகத்தான் இருந்தது. எடுக்கவில்லை. அவ குரல் குடுத்தா, என்றேன். யாருக்கும் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன், முழுவதும் சொன்னேன், உனக்கும் இப்போது சொல்கிறேன். பந்து அவள் காலில் இருந்தது, எதிரணிப் பெண் ஒருத்தி விரட்டிக்கொண்டு வந்தாள், குரல் கொடுத்துவிட்டுக் கோல்கீப்பருக்குத் தள்ளிவிடுவதுதான் சரியான ஆட்டம். பின்னாடி வருது, பிடி, என்று கத்தினாள், ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். எங்கள் அணியில் மற்றவர்கள் எல்லாரும் எதிர்க்கோல் பக்கம் ஏறியிருந்தார்கள், கேட்டது எனக்கு மட்டும்தான். நான் மைதானத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர்மேல் பையன்கள் அணியின் சென்டர் ஃபார்வர்ட் உட்கார்ந்திருந்தான், நான் தலைமுடியைச் சரி செய்துகொண்டிருந்தேன். (அது உன் அப்பா இல்லை. அவர் வேறு ஊர், அவர் நிம்மதியைக் கெடுக்காதே.) பந்து வேகமாகக்கூட வரவில்லை, வயதானவர் தெருவைக் கடக்கிற மாதிரி மெதுவாக என் பக்கத்தில் உருண்டு உள்ளே போயிற்று. கோலுக்கு வலை கிடையாது, பின்னால் இருந்த சாக்கடையில் விழுந்த சத்தம் கேட்டபோதுதான் போனது பந்து என்றே உறைத்தது. மாஸ்டர் விசிலைக் கடித்துக்கொண்டு ஓடி வந்தார், யாரு, என்ன ஆச்சு, என்றார். அவ பார்க்காம அடிச்சுட்டா சார், குரலே குடுக்கல, என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிற்று, சொல்லி முடித்த பிறகு அதுதான் நடந்தது மாதிரி ஆகிவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். குனிந்து, இறங்கியிருந்த காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு நடு மைதானத்துக்குப் போய்விட்டாள்.

இதையெல்லாம் மைக்கில் சொன்னேன். நான் ஏதோ பெரிய தியாகம் செய்கிறவள் மாதிரி முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றேன், அந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். பி.டி. மாஸ்டர் பக்கத்தில் திரும்பி, என்ன சொல்றா அவ, என்று கேட்டார், காது கேட்காதவர் ரகசியம் பேசினால் தெருவுக்கே கேட்கும். கேப்டன் அவர் காதருகில் குனிந்து, சார், அந்த சேம்சைடு கோல் இவ தப்பாம் சார், அவ குரல் குடுத்தாளாம், என்று கத்தினாள். அவர் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, ஏம்மா, அந்த வருஷம் மாவட்டத்துல கோல்கீப்பருக்குப் பேர் குடுத்ததே நீ ஒருத்திதானே, என்றார். நீ பத்து கோல் விட்டிருந்தாலும் உன்னைத்தான் எடுத்திருப்பேன், எனக்கு வேற வழி? பார்க்காம அடிக்கிறவளை எப்படி அனுப்புறதுன்னுதான் அவ பேரை அடிச்சேன். அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேருமே போயிருப்பீங்களேம்மா. இவ்வளவும் சொல்லிவிட்டு, டீ எப்ப குடுப்பாங்க, என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டார்.

ரெண்டு பேருமே போயிருப்பீங்களே. அதைக் கேட்ட பிறகுதான் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பொய் சொன்னதால்தான் பிழைத்தேன் என்று நினைத்து இத்தனை வருடம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன், அந்த வெட்கத்துக்கு ஒரு மரியாதையாவது இருந்தது, வயிற்றுப்பாட்டுக்குச் செய்த பாவம் என்று. அவள் நன்றாகத்தானே இருக்கிறாள், சொந்த ஸ்கூல், சொந்த வண்டி, என்று ஆறுதலும் சொல்லிக்கொள்வேன். இப்போது பார்த்தால் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அதே சான்றிதழ், அதே கவுன்டர், அதே நாற்காலி. அந்தப் பொய்யால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, அவளுக்குத்தான் எல்லாம் போயிற்று. திருடியும் கைக்கு எதுவும் வராத திருடியை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? இதோ, கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

டீ வந்தது, யாரும் என் பக்கம் வரவில்லை. கேப்டன் மட்டும் வந்து, இந்த வயசுக்கப்புறம் இதெல்லாம் தேவையாடி, நல்லாப் போய்க்கிட்டிருந்த கூட்டம், என்றாள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் பூவும் பொன்மொழியும் அனுப்புவார்கள், இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை, மூன்றாம் நாள் உண்மையே உயர்வு தரும் என்று ஒரு ரோஜாப்பூ வந்தது, அனுப்பியவள் யோசிக்காமல் அனுப்பியிருப்பாள். உன் அப்பாவும் கூட்டத்துக்கு வந்திருந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, அப்ப உனக்குக் கோல் பிடிக்கவே தெரியாதா, என்று மெதுவாகக் கேட்டார். முப்பது வருடமாக என் பொண்டாட்டி மாவட்டக் கோல்கீப்பர் என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டவர், அவர் கவலை அவருக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மகள் வந்தாள். டிரைவிங் ஸ்கூல் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து நின்றாள், உட்காரவில்லை. உன் அப்பா டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்த் தானே எழுதி ஒட்டிய பெயர்களைப் படித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். அத்தை, ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவை வந்தீங்களே, என்றாள். ஆமாம்மா என்றேன். அம்மாவுக்கு நினைவு நல்லாத்தானே இருந்துச்சு, அப்ப ஏன் சொல்லல? என்ன சொல்ல, ஃபேன் சத்தம் போட்டது என்றா? பார்சல் ஆபீஸ்ல இருந்தவங்கதானே நீங்க, என்றாள். நாப்பத்து நாலு வருஷம் கட்டி உள்ளயே வெச்சிருந்துட்டு, வாங்கிக்க ஆள் இல்லாத நேரமாப் பார்த்துக் கொண்டுவந்து குடுக்குறீங்களே, யாரு கையெழுத்துப் போட்டு வாங்குறது? அப்படியே அவள் அம்மாவின் நாக்கு. நான் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். வேண்டாம் அத்தை, எனக்குக் கோபமாத்தான் இருக்கு, அது போறப்ப போகட்டும். நான் கேக்க வந்தது வேற. அம்மா எப்படி ஆடுவாங்க? அந்தக் கோலைத் தவிர யாருமே ஒண்ணுமே சொன்னதில்ல, நான் கேட்டா அவங்களும் சிரிச்சு மழுப்பிடுவாங்க.

இதற்குத்தான் நான் தயாராக இல்லை. உட்காரும்மா என்றேன், அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள், சொல்ல ஆரம்பித்தேன். அண்ணனுடைய பூட்ஸைத்தான் போட்டுக்கொண்டு ஆடுவாள், பெரிதாக இருக்கும் என்று முன்னால் பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைப்பாள், மழையில் அந்தக் காகிதம் ஊறி ஒவ்வொரு உதைக்கும் பொச்சு பொச்சு என்று சத்தம் வரும், எதிரணிப் பெண்கள் அந்தச் சத்தத்துக்கே ஒதுங்குவார்கள். யாருடைய காலையும் தொடமாட்டாள், பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவாள், எடுத்தது பறிகொடுத்தவளுக்கே இரண்டு அடி கழித்துத்தான் தெரியும். எதிரணி ஃபார்வர்டை ஒட்டி நின்றுகொண்டு மெதுவாகப் பேச்சுக் கொடுப்பாள், சாப்டியா, உங்க வீடு எங்க, இந்த டீச்சர் உங்களுக்கும் கணக்கு எடுக்கறாங்களா என்று, அந்தப் பெண் மரியாதைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது பந்து போய்விடும். அரையிறுதியில் நான் கோலை விட்டு ஓடி வந்து ஏமாந்த இரண்டு முறையும் காலியான கோலுக்கு முன்னால் எங்கிருந்தோ வந்து நின்றாள், ஒரு முறை நெஞ்சால் தடுத்தாள், ஒரு முறை முகத்தால், மூக்கில் ரத்தம் வந்தது, என்னைப் பார்த்து, நீ உன் முடியைப் பார்த்துக்கோ, நான் பார்த்துக்கறேன், என்றாள். சாப்டியா என்று கேட்பதைச் சொன்னபோது மகள் சத்தமாகச் சிரித்துவிட்டாள், டெஸ்ட்ல லைசென்ஸ் ஆபீசர்கிட்டயும் அதையேதான் கேப்பாங்க, என்றாள். பிறகு என் வீட்டில் உட்கார்ந்து சிரித்துவிட்டோமே என்று அவளுக்கே கோபம் வந்துவிட்டது போல, சட்டென்று எழுந்துகொண்டாள். பேசி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வாசலில் நின்று, மிச்சத்தை இன்னொரு நாள் கேக்க வர்றேன், அதுக்காக எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைக்காதீங்க, என்றாள். நினைக்கவில்லை.

இவ்வளவு நீளத்துக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போன வாரம் போனில் ஒன்று சொன்னாய், சிரித்துக்கொண்டே சொன்னாய். ஒரு கட்டடப் படத்தில் நீ அளவைத் தப்பாகப் போட்டுவிட்டாய், ஆனால் மேலதிகாரி உன் பக்கத்து மேசைப் பெண்ணுடைய வேலை என்று நினைத்து அவளை எல்லார் முன்னாலும் திட்டி, வேறு பிரிவுக்கு அனுப்பப் போகிறேன் என்றும் சொல்லிவிட்டார், அவளே ஒண்ணும் சொல்லலம்மா, அப்புறம் நான் எதுக்கு வாயைத் திறக்கணும், என்றாய். நானும் அன்றைக்கு ம் என்று கேட்டுக்கொண்டேன். போனை வைத்த பிறகு சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன், இரண்டாவது டம்ளரும் குடித்தேன். என் மூக்கும் என் முட்டிவலியும்தான் உனக்கு வந்திருக்கிறது என்று நினைத்திருந்தேன் கண்ணா. ஒன்றும் சொல்லாதவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொள்வது ரொம்பச் சுலபம், நான் அதில் பட்டமே வாங்கியவள், அதனால் என் பேச்சை நம்பலாம்.

நன்றாக இரு, நோய் நொடி இல்லாமல் இரு, ராத்திரி நேரத்தோடு சாப்பிடு, என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, அது நல்லவர்களுக்கு மட்டும் என்று எந்த அம்மாவும் வைத்துக்கொள்வதில்லை. மப்ளரை மறக்காதே, அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். இந்தக் கடிதம் வந்து சேரப் பத்து நாளாவது ஆகும், அதற்குள் நீயாகவே போய்ச் சொல்லியிருந்தால் அம்மா அநியாயமாகச் சந்தேகப்பட்டாள் என்று திட்டிக்கொள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். சொல்லவில்லை என்றால் படித்து முடித்ததும் எனக்கு போன் பண்ணி அழாதே, ஆபீஸுக்குப் போ. என்னைப் போல ஹாலும் மைக்கும் உனக்குத் தேவையில்லை. உன்னுடையவள் உயிரோடு இருக்கிறாள், பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா